புகைப்போர் பதிவேட்டில் என் கணவரின் கையெழுத்து

அனுப்புநர்:
தேய்ப்பறைத் தொழிலாளியின் மனைவி (தையல் வேலை),
மாடி வீடு, ஆலையின் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலை ஆய்வு அலுவலகம்.

பொருள்: பிரேக் லைனிங் ஆலையில் ஆஸ்பெஸ்டாஸ் தூசு – என் கணவருக்கு நுரையீரல் புற்றுநோய் – அதே இயந்திரத்தில் இப்போது என் தம்பி – முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் மேற்படி ஆலையின் தேய்ப்பறையில் பத்தொன்பது ஆண்டுகள், வண்டி பிரேக்கில் பொருத்தும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பட்டைகளை (பிரேக் லைனிங்) இயந்திரத்தில் தேய்த்தவர். இடது நுரையீரலின் அடியில் எலுமிச்சை அளவுக் கட்டி. படுத்தால் மூச்சு முட்டுவதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

2. அவர் நுரையீரலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கில் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் இருப்பதாகப் பரிசோதனை அறிக்கை கூறுகிறது (நகல் இணைப்பு). மூச்சோடு உள்ளே போன இழையை உடம்பால் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அது தங்கிய இடம் வருடக்கணக்கில் ஆறாத புண்ணாக இருக்கும். அங்கே செல்கள் கட்டுமீறிப் பெருகினால் அதுவே புற்று என்று மருத்துவர் எனக்குப் புரியும்படி விளக்கினார்.

3. ஆலை நிர்வாகமோ, காரணம் சிகரெட் என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டது. அதற்கு ஆதாரம் புகைப்போர் பதிவேடாம். சிகரெட் பிடிப்பவர்கள் மட்டும் அதில் கையெழுத்திட்டு, தினம் இருமுறை பத்து நிமிடம் வெளியே போகலாம். என் கணவர் பதினோரு ஆண்டுகள் கையெழுத்திட்டிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை.

4. ஆனால் ஐயா, அவர் சிகரெட் பிடித்ததே கிடையாது. தீக்குச்சி கிழிக்கவே பயப்படும் மனிதர். எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பது நான்தான். "காத்து வாங்கணும்னு கேட்டா விடமாட்டாங்க, சிகரெட்டுன்னு சொன்னா பேசாம விட்டுடுறாங்கடி" என்பார். பற்றவைக்காத ஒரே சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாசலில் நின்றிருக்கிறார். அதைக் கேட்டு நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

5. அவர் புகைத்தவர் என்றே வைத்துக்கொள்வோம். புகையும் இந்தத் தூசும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு என்கிறார் மருத்துவர். அப்படியிருக்க, புகைப்பவர் என்று எழுதி வாங்கிக்கொண்டே அவரை அந்த அறையில் நிறுத்தியது எந்த நியாயம்?

6. நோய்க்குக் காரணம் சிகரெட் என்று முடிவாகிவிட்டதால் அறையில் எதையும் மாற்றத் தேவையில்லையாம். தூசு உறிஞ்சும் விசிறி எட்டு மாதமாக ஓடவில்லை. கணவரின் இயந்திரத்தில் இப்போது நிற்பவன் என் சொந்தத் தம்பி. கெஞ்சிக் கூத்தாடி அவனை அங்கே சேர்த்துவிட்டவளும் நானே. அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். "வேலையை விட்டுட்டு எங்கக்கா போவேன்?" என்று கேட்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

7. சென்ற ஆய்வுக்கு இரண்டு நாள் முன்பே ஆலைக்குத் தகவல் வந்துவிட்டது. தரையைக் கழுவி, இயந்திரங்களை நிறுத்திவைத்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் காற்று சுத்தம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். இயந்திரம் ஓடாத அறையில் தூசு எங்கிருந்து பறக்கும்?

ஆகவே, யாருக்கும் சொல்லாமல் வேலை நேரத்தில் நேரில் வந்து, இயந்திரங்கள் ஓடும்போதே காற்றைச் சோதித்து, விசிறி சரியாகும்வரை தேய்ப்பறையை மூட உத்தரவிட வேண்டுகிறேன். இன்னொரு விண்ணப்பமும் உண்டு. உள்ளே நுழையுமுன் நல்ல முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். தங்கள் வீட்டிலும் யாராவது தங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

இணைப்பு: பரிசோதனை அறிக்கை நகல்
நாள்: திங்கட்கிழமை
இடம்: கணவரின் நாற்காலி அருகில்

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
தேய்ப்பறைத் தொழிலாளியின் மனைவி, இன்னொரு தேய்ப்பறைத் தொழிலாளியின் அக்கா