வேப்பமரத்தடி யானைக்கல்

டிச. 12, வெள்ளி
ஓசூர்ப் பனி. தும்மினால் மீசை உடைந்து விழும். ஞாயிறன்று எங்கள் லேஅவுட்டில் கல் ஓவிய விழா. குடும்பம் குடும்பமாகக் கல்லில் வண்ணம் தீட்டித் தெருவில் ஒளித்து வைப்பது, கண்டெடுத்தவருக்கே சொந்தம். கல் சேகரிப்பு அடியேன் பொறுப்பு. சானமாவு காட்டோரம் பொறுக்கினேன். என்னைக் கண்ட யானைகள் இந்நேரம் மைசூரைத் தாண்டியிருக்கும்.
வாங்க: பிரஷ், வார்னிஷ், இருமல் மருந்து.

டிச. 13, சனி
வெயில், ஒருவழியாக. தங்கை மகள் நிலா காலை முழுக்க யானை வரைந்தாள். மஞ்சள் உடம்பு, சிவப்பு நெற்றி. கல்லின் அடியில் 'அப்பாவுக்கு'. அப்பா, அதாவது என் மாப்பிள்ளை முருகேசனுக்கு வாரமெல்லாம் நைட் ஷிப்ட். அவர் வரும்போது இவள் பள்ளிக்கு. இவள் வரும்போது அவர் குறட்டை.
"அப்பாதான் கண்டுபுடிக்கணும் மாமா. வேற யாராச்சும் எடுத்துட்டா?"
"வேப்பமரத்தடியில வையி. கம்பெனி பஸ் அங்கதான நிக்கும். எறங்குனதும் கால்ல இடிக்கும்."
என்ன மூளை எனக்கு!
நான் தீட்டியது என் திருமுகம், மீசையோடு. "உருளக்கெழங்கா அண்ணா?" என்றாள் தங்கை. கலை தெரியாத வம்சம்.

டிச. 14, ஞாயிறு
ராத்திரி வேப்பமரத்தடியில் வைத்த யானைக்கு, விடிவதற்குள் பிள்ளையாராகப் பதவி உயர்வு. மஞ்சள், குங்குமம், சாமந்தி, கற்பூரம். பூக்கார ரத்னம்மா உபயம். பின்னால் லேஅவுட்டே கைகூப்பி வரிசையில்.
பஸ் வந்தது. மாப்பிள்ளை இறங்கினார். ஷூவைக் கழற்றினார். தோப்புக்கரணம் போட்டார். வீட்டுக்கு நடையைக் கட்டினார்.
நிலாவுக்கு உதடு பிதுங்கியது. "அப்பா கண்டுபுடிக்கல மாமா. கும்புட்டுட்டுப் போறாரு."
சாமியை யார் தூக்குவது? சிங்கத்தின் பல்லை எண்ணிய நானே இரண்டடி பின்வாங்கினேன். ரத்னம்மாவிடம் உண்மையைக் கக்கினேன்.
"அய்யய்யோ ராமா! மொதல்லயே சொல்றதில்லயா நீவு?" கன்னடமும் தமிழுமாக ஒரு திட்டு. பிறகு ஊருக்கே கேட்கும் குரலில், "முருகேசு சார்! திரும்பி வாங்க. ஒங்க வீட்டு சாமி இது. தூக்குங்க!"
பயந்து பயந்து தூக்கினார். திருப்பினார். படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.
"எனக்கா பாப்பா?"
"கண்டுபுடிச்சவங்களுக்குதான்ப்பா."
மஞ்சள் கையோடு மகளைத் தூக்கிக்கொண்டார். பள்ளிச் சட்டை என்றால் தங்கை கொன்றிருப்பாள். பகல் முழுக்கத் தூங்காமல் அவளோடு கல் தேடினார். கொட்டாவிக்கு ஒரு கல். எனக்கும் கண்ணில் ஏதோ. வார்னிஷ் நெடி.
மாலை ரத்னம்மா: "மரத்தடிய காலியா உடக்கூடாது. வேற ஒண்ணு வையிங்க."
யாரும் சீண்டாமல் கிடந்தது ஒரே கல்.

டிச. 15, திங்கள்
பனி. மீசைக்குக் குங்குமம், தலைக்குச் சாமந்தி, முன்னால் உடைத்த தேங்காய். இந்த வாரம் பகல் ஷிப்ட். மாப்பிள்ளை சாப்பாட்டுப் பையில் யானையோடு வந்தார். பஸ் ஏறும் முன் ஷூவைக் கழற்றி, மரத்தடியில் என் முகத்துக்குத் தோப்புக்கரணம். பக்கத்திலேயே நின்று ஆசீர்வதித்தேன்.