குடிச்சுக் காட்டுற தண்ணி

என் அன்பு மகள் தீமாவுக்கு அம்மா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வோட கிருபையால நானும் உன் அப்பாவும் நடமாட்டத்தோட இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைங்களும் அந்த மஸ்கட் வெயில்ல ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்டுக்கிட்டுத்தான் எழுந்திரிக்கிறேன். இப்பல்லாம் எழுந்திரிக்கிறதுக்கே முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு தரம் மூச்சு வாங்க வேண்டியிருக்கு, அது வேற. பக்கத்து வீட்டு மரியமு மகன் அங்கே வேலைக்கு வர்றான், அவன்கிட்ட இதைக் கொடுத்து விடறேன், கூடவே காய்ஞ்ச கணவாயும் கொஞ்சம் கட்டியிருக்கேன், வாசனை வராம மூணு பை போட்டிருக்கேன், இருந்தாலும் நீ வாங்கின உடனே வெயில்ல ஒரு தரம் காயப்போட்டு எடுத்து வை.

நீ போன்ல கேட்டப்ப நான் மழுப்பிட்டேன், உனக்குக் கோபம்னு தெரியும். என்ன பண்ண, பக்கத்துலயே உன் சித்தப்பா கோம்போ உட்கார்ந்து வலை முடிஞ்சுக்கிட்டிருந்தார். அங்கே நம்ம ஊர்க்காரங்க யாரோ உன்கிட்ட, உங்க வீட்டு மெஷின் தண்ணி ஒரு குழந்தையைக் கொன்னுடுச்சாமேன்னு கேட்டிருக்காங்க. கொல்லலைடி. முதல்ல அதைப் படிச்சுட்டு மனசை ஆத்திக்கோ. குழந்தை உசிரோட இருக்கு, மெலிஞ்சிருக்கு, ஆனா இருக்கு. மீதியை நான் நிதானமா சொல்றேன், எனக்கும் யார்கிட்டயாவது முழுசாச் சொல்லி முடிச்சாத்தான் தூக்கம் வரும் போல.

பெருமழை ரெண்டு வருஷமா ஏமாத்திடுச்சுன்னு உனக்குத் தெரியும். பள்ளிவாசல் பக்கத்து ஜபியாத் தொட்டியில போன மழையில பிடிச்ச தண்ணி மொத்தமா வத்தி, அடியில சுண்ணாம்பு வெடிப்பு தெரியுது. சதுப்புக் காட்டோரக் கிணறு எப்பவும் போல உப்பு, அதுவும் கலங்கல். அப்புறம் ஊருக்கு என்ன இருக்கு, நீ அனுப்பின மெஷின்தான். நாம வாடகைக்கு விடுற மூணு ரூமுக்கும் அதுல தங்க வர்றவங்களுக்கும்னு நீ அனுப்பினது, ஊருக்கே தண்ணிப் பந்தலாயிடுச்சு. வெயில் ஏறி கூரைமேல சோலார் பேனல் சூடானதும் மெஷின் ஒரு பக்கம் கடலைக் குடிச்சு இன்னொரு பக்கம் நல்ல தண்ணியைத் துப்பும், அதுக்கு முன்னாடியே வாசல்ல கழுதைங்க வரிசை கட்டி நிக்கும், கேன் மேல கேன் இடிக்கிற சத்தத்துலதான் எனக்கு விடியும். யாரையும் இல்லைன்னு திருப்பி அனுப்பலை. ஆரம்பத்துல கிண்டல் வேற. இது என்ன சோமோயே, தண்ணியில ருசியே இல்லை, உப்பைப் பிரிச்சவங்க உசிரையும் சேர்த்துப் பிரிச்சுட்டாங்களான்னு மரியமு கேப்பா. இதைக் குடிச்சா எலும்பு காய்ஞ்சுடுமாமேன்னு ஒருத்தி. காய்ஞ்சா காயட்டும், குடம் குடமா தூக்குறதுக்கு எனக்கு இருக்கிற எலும்பே பாரமா இருக்குன்னு சொல்லிட்டு ஊத்திக்கொடுப்பேன்.

சதுப்பு மரங்களை எண்ணுறவங்கன்னு நைரோபியில இருந்து ஒரு கூட்டம் வந்து நம்ம ரூம்கள்ல தங்கினாங்க. நல்ல பிள்ளைங்கதான், ஆனா சேறு, சேறு, அப்படி ஒரு சேறு. வந்து வந்து குளிப்பாங்க. சாயங்காலம் ஆனா டேங்க் காலி. உன் சித்தப்பா படகு என்ஜின் கெட்டுப்போய் நம்ம வீட்டுலதான் அப்ப இருந்தார், அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாதே. ஒரு நாள் மத்தியானம் கூரைமேல டக்கு டக்குன்னு சத்தம் கேட்டுச்சு, என்ன பண்றீங்கன்னு கேட்டேன், அண்ணி, இனிமே உங்க குளியலறையில தண்ணி நிக்கவே நிக்காது, ராஜா மாதிரி இருங்கன்னு மேல இருந்தே சொன்னார். எனக்கு இருந்த வேலையில நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். அவர் பண்ணது என்னன்னா, கொல்லைக் கிணத்துல இருந்து கழிப்பறைக்குப் போற பைப்பை எடுத்து அந்த டேங்க்லயே கோத்துட்டார். நடுவுல ஒரு வால்வு. மெஷின் தண்ணி இருக்கும்போது மூடிக்கலாம், இல்லாதப்ப திறந்துக்கலாம்னு கணக்கு. அந்த வால்வு சரியா மூடலை. கொல்லைக் கிணறு கழிப்பறைக் குழியை ஒட்டித்தான் இருக்குன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரம் ஊர்ல எல்லாரும் என்னைப் புகழ்ந்தாங்க தீமா. இப்பத்தான் தண்ணி தண்ணி மாதிரி இருக்கு, நாக்குல ஒரு ருசி தெரியுது, டீ கூட நல்லா வருதுன்னு சொன்னாங்க. அப்புறம் ஒவ்வொரு வீட்டுலயா வயித்துப்போக்கு. உன் அப்பாவும் ரெண்டு நாள் படுத்தார். வெயில்தான், பழைய மீன்தான்னு ஆளுக்கொண்ணு சொல்லிக்கிட்டிருந்தோம். கடைசியில ஷேயோட பிள்ளைக்கு வந்துடுச்சு. இறால் பிடிக்கப் போவானே, மோசேயோட மகன், அவன்தான் ஷே. அவன் பொண்டாட்டி ம்வானஹேரி, தலைப்பிள்ளை, பெண் குழந்தை, இப்பத்தான் கஞ்சி கொடுக்க ஆரம்பிச்சிருந்தா. கஞ்சி கரைச்சது நம்ம தண்ணியில. பிள்ளை கண்ணு குழி விழுந்து, உச்சி அமுங்கி, அழக்கூடத் தெம்பில்லாம ஆயிடுச்சு. படகுல போட்டு லாமு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. ம்வானஹேரி படகுல ஏறும்போது மேல போத்தியிருந்த காங்காவுக்குள்ள பிள்ளை இருக்கிறதே தெரியலை, வெறும் துணியைச் சுருட்டி வச்சிருக்கிற மாதிரி இருந்துச்சு.

மறுநாள் ஷே மட்டும் திரும்பி வந்தான், கையில கோடாரியோட நம்ம வாசலுக்கு. உன் அப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார், வீட்டுல நான்தான். அத்தை நகருங்க, கூரைமேல இருக்கிற அந்தத் தகடு ஒண்ணையும் விட்டுவைக்க மாட்டேன், டாக்டர் கேட்ட முதல் கேள்வியே பிள்ளை எந்தத் தண்ணி குடிச்சுதுன்னுதான்னு கத்தினான். நான் கூரை ஏணியில கையை வச்சுக்கிட்டு மறிச்சு நின்னேன். பிள்ளை கண்ணைத் திறந்துச்சாடான்னு கேட்டேன். இல்லைன்னான். அப்ப நீ இங்கே ஏன் நிக்கிற, அவ தனியா இருப்பாளே, போ, மெஷினை நான் நிறுத்துறேன், இனி ஒரு சொட்டு யாருக்கும் போகாது, உன் பிள்ளை எழுந்து வர்ற வரைக்கும் நானே இந்த ஏணியைக் காவல் காக்கிறேன், அப்புறம் வந்து வெட்டணும்னா வெட்டுன்னு சொன்னேன். அவன் கோடாரியை நம்ம வாசல்லயே போட்டுட்டுப் போயிட்டான்.

அவன் போனதும் மெஷினை நிறுத்திட்டு உட்கார்ந்தேன். உன்னை நினைச்சுக்கிட்டேன். அங்கே மஸ்கட்ல குழாயைத் திறந்தா வர்றதும் உப்புப் பிரிச்ச கடல் தண்ணிதானே, உன் பிள்ளைங்க அதைக் குடிச்சுத்தானே வளருதுங்க. அப்ப இங்கே மட்டும் என்ன வந்துச்சு. திடீர்னு அந்த ருசிப் பேச்சு ஞாபகம் வந்துச்சு. ருசி எங்கே இருந்து வந்துச்சு? எழுந்து போய் மெஷின் வாய்ப் பைப்புல தேங்கியிருந்த தண்ணியை நாக்குல வச்சேன், ஒண்ணும் இல்லை, சப்புன்னு இருந்துச்சு. சமையலறைக் குழாயைத் திறந்து வச்சேன், கரிச்சுச்சு. உன் அப்பா வந்ததும் சொன்னேன், அவர் அந்த வலிக்கிற காலை வச்சுக்கிட்டு மேல ஏறினார், இறங்கும்போது முகமே செத்துப்போயிருந்துச்சு. கோம்போவைக் கூப்பிட்டார். அவர் முதல்ல சிரிச்சார், என்ன அண்ணே, லாமுவுல பாதி வீட்டுல இப்படித்தான் பைப் போட்டிருக்காங்கன்னார். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் சிரிக்காததைப் பார்த்துட்டு அவரும் உட்கார்ந்துட்டார். பைப்பை அன்னிக்கே அறுத்து அடைச்சாச்சு.

அதுக்கப்புறம்தான் எனக்குப் பெரிய சோர்வு. ஊர்ல போய்ச் சொல்லிடுவோம்னேன். உன் அப்பா வேண்டாம்னுட்டார். கோம்போவுக்குன்னு இருக்கிறது அந்த ஒரு பேர்தான், கையில தொழில் இருக்கிறவன்னு, அதையும் பிடுங்கிட்டா அவன் இந்த ஊர்ல எப்படி நடப்பான், மெஷின் மேல பழி இருந்துட்டுப் போகட்டும், மெஷினுக்கு வெக்கம் கிடையாதுன்னார். மெஷினுக்கு இல்லைங்க, அதை அனுப்பின நம்ம பிள்ளைக்கு இருக்கேன்னு கேட்டேன். லாமுவுல இருந்து சுகாதாரத்துறைப் பொண்ணு ஒருத்தி வந்தா, சின்ன வயசு, நல்ல பேச்சு. டேங்க்கைக் கவுத்துத் தேய்க்க வச்சா, குளோரின் போட வச்சா, மெஷின் வாயிலயும் டேங்க்லயும் குழாயிலயும் தனித்தனியா பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுப் போனா. சுத்தம்னு பதில் வந்துச்சு. அவ சொன்னது, கடல் தண்ணிங்கறதுனால பயப்பட வேண்டாம், மெஷின் ஒழுங்கா இருந்தா அந்தத் தண்ணி நல்ல தண்ணிதான், வெளியில வந்தப்புறம் அதை எங்கே வைக்கிறீங்க, எதோட சேர்க்கிறீங்கங்கறதைத்தான் பார்க்கணும், மூடி இறுக்கமா இருக்கட்டும், ஃபில்டரை நாள் தள்ளாம மாத்துங்க, ஒரு தரம் சோதிச்சோம்னு விட்டுடாதீங்க. எலும்பு காயுமான்னும் கேட்டேன், மரியமுவுக்காக. மீனும் பயறும் சாப்பிடுற வீட்டுல அந்தக் கவலை எதுக்குன்னு சிரிச்சா. உன் அப்பா ரத்தக் கொதிப்புக்கு அந்தக் கிணத்து உப்பைவிட இதுதான் நல்லதுன்னும் சொன்னா.

சுத்தம்னு சொன்னா யார் கேட்டாங்க. ஏன் கெட்டுச்சுன்னு சொல்லாம, இப்ப நல்லாயிடுச்சுன்னு சொன்னா யார்தான் நம்புவாங்க. வாசல் வெறிச்சுன்னு கிடந்துச்சு. கழுதைங்க எல்லாம் சதுப்புக் கிணத்துப் பக்கம் போச்சு, அந்தக் கலங்கலைக் குடிச்சு மறுபடி ரெண்டு வீட்டுல படுக்கை. நான் உன் அப்பாவோட பேசுறதை நிறுத்திட்டேன். சோறு வைப்பேன், தேங்காய்ப்பால் மீன் வைப்பேன், பேச மாட்டேன். சண்டை போடவும் தெம்பில்லைடி எனக்கு, பேசாம இருக்கிறதுதான் குறைஞ்ச செலவு.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிஞ்சதும் மரியமு காங்கா நழுவ ஓடி வந்தா. அவ வீட்டுக்காரர் பார்த்துட்டு வந்து சொன்னதாம். உன் அப்பா தொழுகை முடிஞ்சு எழுந்து நின்னு, சகோதரர்களே, குத்தம் கடல்மேலயும் இல்லை, மெஷின்மேலயும் இல்லை, என் வீட்டுக் கிணத்துப் பைப்பை நான்தான் டேங்க்ல சேர்த்தேன், உங்க பிள்ளைங்க படுத்ததுக்கு நான்தான் பொறுப்பு, என்னை மன்னிக்கணும்னு சொல்லியிருக்கார். அப்ப பின் வரிசையில இருந்து உன் சித்தப்பா எழுந்து, பொய் சொல்லாதீங்க அண்ணே, உங்களுக்கு ஸ்பானர் எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது, நான்தான் பண்ணேன்னு கத்தினாராம். இல்லை நான்தான்னு இவர், இல்லை நான்னு அவர், பள்ளிவாசலுக்குள்ள ரெண்டு கிழவங்களும் குத்தத்துக்கு அடிச்சுக்கிட்டாங்களாம், இமாம் ரெண்டு பேரையும் உட்காரச் சொல்லி அதட்டினாராம். மரியமு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா. நானும் சிரிச்சேன், அப்புறம் சமையலறைக்குள்ள போய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்னுட்டு வந்தேன். அன்னிக்கு உன் அப்பாவுக்குச் சோறு வைக்கும்போது, இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேட்டேன்.

ஜனங்க திரும்ப வர ஆரம்பிச்சாங்க, ஒண்ணொண்ணா. ஆனா பழைய மாதிரி இல்லை. ஷே பிள்ளையும் லாமுவுல இருந்து வந்துட்டா. ஷே காலையில கேனோட வந்து நிப்பான், கேனை நீட்ட மாட்டான். அத்தை, நீங்க குடிங்கன்னான் முதல் நாள். குழாயைத் திறந்து ஒரு குவளை பிடிச்சு அவன் முன்னாடி குடிச்சேன். என் தொண்டையையே பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம்தான் பிடிச்சுக்கிட்டுப் போனான். அடுத்த நாளும் அப்படியே. அவனைப் பார்த்து மத்தவங்களும் நான் குடிக்கிற வரைக்கும் கேனைத் திறக்கிறதில்லை. எனக்குக் காய்ச்சல் கண்ட அன்னிக்கு உன் அப்பா போய், நான் குடிக்கிறேன்னு நின்னிருக்கார். இல்லை, அத்தை வரட்டும்னு எல்லாரும் வெயில்லயே உட்கார்ந்துட்டாங்க. போர்வையைப் போத்திக்கிட்டு சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்து குடிச்சுட்டுப் போய்ப் படுத்தேன். கோபம் வரலை. பிள்ளையைப் பறிகொடுக்க இருந்தவன், கேக்கட்டும்.

அதனாலதான் மகளே, நீ டிக்கெட் அனுப்பறேன், ஆறு மாசம் என்கூட வந்து இருங்கன்னு ஒவ்வொரு தரமும் சொல்றப்ப நான் பேச்சை மாத்துறேன். உன்கிட்ட வந்து கால் நீட்டிப் படுக்கணும்னு எனக்கு இல்லாமலா. இப்ப வர முடியாது. மழை வந்து ஜபியா நிறையட்டும், பார்க்கலாம்.

ம்வானஹேரி மட்டும் இத்தனை நாளா வரவே இல்லை. கரையில எதிர்ல பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவா. நானும் அவளைக் கூப்பிட்டதில்லை. இன்னிக்குக் காலையில வந்தா, பிள்ளை இடுப்புல, கையில அவ வீட்டுக் குவளை. சலாம்கூடச் சொல்லலை, குவளையை நீட்டினா. நான் அதுல பிடிச்சுக் குடிச்சேன். பாதி குடிச்சதும் போதும்னு கையைக் காட்டினா. குவளையை வாங்கி, நான் வாய் வச்ச அதே பக்கம், மிச்சத்தைப் பிள்ளைக்குப் புகட்டினா. பிள்ளை ரெண்டு கையாலயும் குவளையைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சுது.

அல்லாஹ் உன்னையும் உன் குடும்பத்தையும் எல்லா ஆபத்துல இருந்தும் காப்பாத்தட்டும், உன் கையில பரக்கத்தைக் கொடுக்கட்டும், பிள்ளைங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா வளரட்டும். சித்தப்பாகிட்ட போன்ல இதைப் பத்திக் கேட்டுடாதே, படகு என்ஜின் எப்படி இருக்குன்னு மட்டும் கேளு. வர்றவங்க கையில பட்டும் அத்தரும் வேண்டாம், ஃபில்டர் அனுப்பு, போன தடவை அனுப்பின அதே அளவு, உறை பிரிக்காம. வேளைக்குச் சாப்பிடு, வேலையிலயும் உட்கார்ந்து சாப்பிடு.

உன் அப்பா லாலியோட சலாமும் சேர்த்து,
உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கிற அம்மா,
சோமோயே.