வக்கீல் நோட்டீசுக்கு என் பதில்

வேலம்பாளையம்
14.08.2024

லூதியானாவில் இருக்கும் திரு. மகுடேஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் மனைவி சித்ரகலா எழுதுவது. நான் நலம். உங்கள் நலம் கேட்பதற்காக எழுதவில்லை.

வக்கீல் நோட்டீஸ் வந்தது. தாம்பத்தியத்துக்குத் தகுதியில்லாதவள், புத்தி பேதலித்தவள் என்று எழுதி, சாட்சிக்கு என் மாத்திரை அட்டையின் படத்தையும் இணைத்திருக்கிறீர்கள். என் கைப்பையைத் துழாவி எடுத்த படம். அது என்ன மாத்திரை என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன்.

மூன்று வருடம், நீங்கள் நெருங்கியபோதெல்லாம் கத்தியால் கீறுவதுபோல் எரிந்தது. "நடிக்காதடி" என்றீர்கள். மங்கலம் ஊரில் நடந்த விருந்தில் உங்கள் அக்காவிடம் சொல்லிச் சிரித்தீர்கள். பனியன் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு, தனியாகக் கோவைக்குப் பஸ் ஏறி ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். அவர், "வலி நெசந்தானுங்க அம்மிணி. திரும்பத் திரும்ப வலிச்சா மூளை அதைப் பழகிக்கும். வலியை அடக்குற ரசாயனம் சரியா வேலை செய்யாது. தொடறதுக்கு முன்னாலயே ஒடம்பு தானா இறுகிக்கும்" என்றார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரையையே குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கொடுப்பார்களாம். கூடவே தசை தளர உடற்பயிற்சி. ஏழு மாதத்தில் பாதி வலி போய்விட்டது.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார்: "வலிக்குதுன்னு சொன்னப்ப உங்க ஊட்டுக்காரர் நிறுத்துனாருங்களா?" நான் அழுதேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்பின் நகலைத்தான் நோட்டீசுக்குப் பதில் என்று உங்கள் வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

போன வாரம் கீர்த்தனா வந்திருந்தாள். விவாகரத்து முடிந்ததும் உங்களுக்குக் கட்டிவைப்பதாக உங்கள் அம்மா பேசி வைத்திருக்கும் பெண். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டில் நின்று, "அக்கா, அவரு நல்லவருங்களா? எங்கூட்டுல யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. "வலிக்குதுன்னு சொன்னா நிறுத்த மாட்டாரு கண்ணு" என்று மட்டும் சொன்னேன். டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு, பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் டேபிளுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாளே அந்தப் பேச்சு முறிந்த செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். கெடுத்தது யாரென்று தேட வேண்டாம். நான்தான். இனி எந்தப் பெண் வீட்டார் வந்து கேட்டாலும் இதையே சொல்வேன்.

சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனபோது உங்களுக்காகவும் வேண்டிக்கொண்டேன். நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். கடைசி நாள் வரை உங்களுக்கு ஞாபகம் மட்டும் தப்பவே கூடாது.

இப்படிக்கு,
சித்ரகலா