மாலையைக் கையில் வைத்துக்கொண்டு குறை சொல்ல வராது

வன்னியம்பட்டி
1938 நவம்பர் 9

அன்புள்ள மகன் ஞானராஜுக்கு அம்மா அன்னத்தாய் ஆண்டவர் பெயரால் வாழ்த்தி எழுதுவது. பெஷாவர் குளிரில் நீ சுகமாயிருந்தால் அதுவே எங்களுக்கும் சுகம். அய்யா, உனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம். வெள்ளிக்கிழமை மழை கொட்டுகிற நேரத்தில் ஏசம்மாளுக்கு வலி கண்டது, பக்கத்து வீட்டு வீரணன் வண்டி பூட்டினான். ஓடையில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர், ஆனாலும் வண்டி புதுப் பாலத்தின் மேல் குலுங்காமல் போய் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. போன வருஷம் இதே ஓடைக்கரையில் பிரசவ வலியோடு தண்ணீர் வடியக் காத்துக் கிடந்து வெள்ளத்தாய் வண்டியிலேயே உயிரை விட்டாளே, ஏசம்மாள் மாசமான நாள் முதல் அதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை, இப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டேன். பிள்ளைக்கு உன் மூக்கு, தொண்டை மட்டும் என்னுடையது, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.

உன்னோடு பட்டாளத்தில் இருக்கும் சுந்தரபாண்டியத்துத் தனுஷ்கோடி, எங்கள் ஊருக்கும் ஒரு பாலம் வேண்டும், உன் அம்மாவிடம் வழி கேள் என்றானாமே. அவனிடம் சொல், நம் ஊர் செய்த தப்பை அவன் ஊர் செய்ய வேண்டாம். ஜில்லா போர்டு மெம்பர் ஓட்டு வாங்கி ஜெயித்த பிறகு நம் ஊருக்கு வந்தார், நாட்டாண்மை முத்துவீரன் மேளம் வைத்து மாலை போட்டு இளநீர் கொடுத்தார். ஊரில் குறை ஏதும் உண்டா என்று மெம்பர் வாய்விட்டுக் கேட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் குறை சொல்வது நமக்கு வழக்கமில்லையே, அய்யா புண்ணியத்துல ஒரு குறையும் இல்லைங்க என்று முத்துவீரன் கும்பிட்டார், ஊரே தலையாட்டியது, நானும்தான். வெள்ளத்தாய் புருஷன்கூட ஆட்டினான். மெம்பர் சந்தோஷமாய்ப் போய்விட்டார்.

ஏசம்மாள் வயிற்றைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டு வரி என் பேரில் இருக்கிறது, ஓட்டுப் போட்டவள் நான், எனக்கென்ன பயம் என்று பஸ் ஏறி ராஜபாளையத்தில் மெம்பர் வீட்டுக்கே போனேன். மாலை இல்லை, எலுமிச்சம்பழம்கூட இல்லை. பேர், ஊர் சொன்னதுமே, உங்க ஊர்ல குறையே இல்லைன்னாங்களே ஆத்தா என்று சிரித்தார். மாலையைக் கையில வச்சுக்கிட்டு எவன்யா குறை சொல்லுவான், அவிய சொன்னது மரியாதை, நான் சொல்றது நெசம் என்றேன். வெள்ளத்தாய் கதையைச் சொன்னேன், ஐப்பசியில் என் மருமகளுக்குப் பேறுகாலம், அதற்குள் ஓடையில் ஒரு பாலம் வேண்டும், நீங்க ஒரு தடவை வந்து கண்ணால பாருங்க என்றேன். கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் நாக்கு நுனியில்தான் நின்றது, அடக்கிக்கொண்டேன், பத்தைச் சொன்னால் ஒன்றும் மனசில் நிற்காது. எப்போ வருவீக என்று நாளும் கேட்டு வாங்கினேன். அந்த நாளில் வரவில்லை. நான் வையவில்லை, மறுபடியும் போய் அவர் வீட்டு வாசல் திண்டில் உட்கார்ந்தேன். ஏ ஆத்தா, நீ விடமாட்டே என்று சொல்லி அன்றைக்கே ஓவர்சியரையும் கூட்டிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கிச் சேற்றில் முழங்கால் வரை புதைந்த பிறகு அவருக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புரட்டாசியில் வேலை முடிந்தது.

நேற்று மெம்பர் பாலத்தைப் பார்க்க வந்திருந்தார். பிள்ளை பிறந்ததைச் சொல்லி, உங்க பாலத்துல போயி பிறந்தவ என்று கும்பிட்டேன், குறை சொல்லப் போன வாய் நல்லதையும் சொல்ல வேண்டுமே. ஊரில் வேறு குறை உண்டா என்று கேட்டார். முத்துவீரன் என்னை ஒரு பார்வை பார்த்தார், கையிலிருந்த மாலையை வீரணனிடம் கொடுத்தார், பொறவு வாயைத் திறந்தார், பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுதுங்கய்யா என்று. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இங்கே ஒரு குறையும் இல்லை என்று எழுதித்தான் கடிதத்தை முடிக்க நினைத்தேன், கை வரவில்லை. ஏசம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். ஏலே, உன் துரை சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்று சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிவிடாதே. பிள்ளை பிறந்திருக்கிறது, லீவு வேண்டும், எந்தத் தேதியில் என்று நின்று கேள். நீ வந்துதான் பேர் வைக்க வேண்டும்.

கர்த்தர் உன்னைக் கண்மணி போல் காப்பாராக. கம்பளியை யாருக்கும் தானம் கொடுத்துவிடாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
உன் மகளுக்கு அப்பத்தா,
அன்னத்தாய்