வேலிக்குள் ஒரே ஒரு கல்லறை

மே 9
நான் அமெரிக்கர்களோடான ஒப்பந்தத்தை எதிர்த்துக் கோயிலில் கத்தியதாக எதிர்வீட்டுக் காலியோப்பி ரொட்டிக் கடையில் சொல்லித் திரிகிறாள். பொய். கத்தும் பழக்கம் எனக்கில்லை. இருபத்தேழு வருடம் கடற்படையில் இருந்த ஸ்தமாத்திஸின் மனைவி நான். அந்த ஒப்பந்தப்படி அவர்களின் படைத்தளத்தை விரிவாக்கும் சட்டம் வந்தால் அவர் கொடியே ஏற்றியிருப்பார். நான் சொன்னது ஒன்றுதான்: சட்டத்தோடு இணைத்த வரைபடத்தில் நம் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. கடைசிப் பக்கம்வரை படிக்காமல் எதையும் ஏற்கக்கூடாது என்று பள்ளியில் கன்னியாஸ்திரிகள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரில் வேறு யாரும் படிக்கவில்லை.

மே 13
சட்டம் நிறைவேறிவிட்டது. ஊர்த்தலைவன் பாந்தெலிஸ் இனிப்போடு வந்தான்.
“எவான்தியாம்மா, செலவெல்லாம் அரசாங்கத்தோடது. எலும்பையெல்லாம் புதுக் கல்லறைக்கு மாத்திடுவாங்க.”
“எலும்பா? அவர் போய் ரெண்டு வருஷம் ரெண்டு மாசந்தாம்பா ஆச்சு.”
இனிப்பைக் கீழே வைத்துவிட்டான்.

மே 20
மூன்று வருடம் முடிந்து, உடல் மக்கிய பிறகுதான் இங்கே குழியைத் திறப்போம். எலும்பைத் திராட்சை ரசத்தில் கழுவிப் பெட்டியில் வைப்போம். அவருக்கு அது அடுத்த மார்ச்.
காலியோப்பி வந்தாள். தன் மாமியாரின் குழியை ஒருமுறை அவசரப்பட்டுத் திறந்தவள்.
“அக்கா, காலுறைகூட அப்படியே இருந்துச்சு. நான் பார்த்துட்டேன். நீங்க பார்க்காதீங்க.”
முதல்முறையாக அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 2
அவரை மாற்றச் சம்மதித்து இம்மாத முடிவுக்குள் கையெழுத்திடாவிட்டால் குழி தளத்தின் வேலிக்குள்ளேயே இருக்கும். மார்ச்வரை பொறுங்கள் என்று அமைச்சகத்துக்கு எழுதினேன். கையெழுத்திட்டால் அவர் முகத்தை அந்தக் கோலத்தில் பார்க்கணும். இடாவிட்டால் அவர் கல்லறையில் விளக்கு யார் ஏத்துவா? கர்த்தரே, நான் என்னதான் செய்யட்டும் —

ஜூன் 30
கையெழுத்திடவில்லை.

ஜூலை 18
வேலி போட்டாயிற்று. நாற்பத்தொரு குழிகளைத் திறந்தார்கள். ஒன்று மட்டும் மிச்சம். காவலாளி நம் ஊர்ப் பையன்தான், உள்ளே விட மரியாதையாகத்தான் மறுத்தான். விளக்குக்கான எண்ணெய்ப் புட்டியைத் திருப்பி எடுத்து வந்தேன்.

ஆகஸ்ட் 11
அமைச்சகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். மார்ச்சில் அவரை எடுக்க அனுமதி கேட்டேன். “பார்க்கலாம்மா.” மூன்று தடவை. எழுதித் தரச் சொன்னேன். சிரித்தாள்.

ஆகஸ்ட் 26
மார்ச்வரை நான் இருப்பேனா என்று டாக்டரைக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நானும் போய்விட்டால் அவர் எலும்பை யார் கழுவுவார்கள்?

செப்டம்பர் 4
இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்:
“ஐயா, என் கணவரை வெளியே எடுக்க இனி அனுமதி கேட்கப்போவதில்லை. அந்தக் குழி இருவருக்காகக் கட்டியது. எனக்கு வயது எண்பத்தொன்று. என் சவப்பெட்டியை உங்கள் வாயிலுக்குள் விடுவீர்களா? ஆம் அல்லது இல்லை என எழுத்தில் பதில் தரவும்.”