உருளைக்கிழங்குக்கு அளவெடுத்தது

மார்ச் 3, திங்கள்

வக்கீலின் கோட்டில் இடது தோள் இன்னும் சரியாக உட்காரவில்லை. மறுபடி பிரித்தேன். கோணல் அவருடைய தோளில், பழி என் கத்தரியின் மேல்.

வீட்டுக்கு வந்தால் மனைவி ஒரு பை வேண்டும் என்கிறாள். பருத்தித் துணியில். அதற்குள் உருளைக்கிழங்கைப் போட்டு மைக்ரோவேவில் வைத்தால் ஐந்தே நிமிஷத்தில் பூப்போல வெந்துவிடுமாம். அவளுடைய அக்கா வீட்டில் இருக்கிறதாம். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அடுப்புப் பக்கம் போகத் தெம்பில்லை. நானோ தையல்கடையைச் சாத்திவிட்டு வருகிற நேரத்துக்கு வருகிறேன். தனியாகத்தான் சாப்பிடுகிறாள்.

"வியாழக்கிழமை தர்றேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. யார் எதைத் தைக்கக் கொடுத்தாலும் நான் சொல்கிற நாள் அதுதான். தெருவில் எனக்கு 'வியாழன்' என்றே பேர்.

"எந்த வியாழக்கிழமைன்னு சொல்லுங்க" என்றாள். சிரிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

முடியவில்லை.

மார்ச் 10, திங்கள்

அளவில்லாமல் நான் எதையும் வெட்டியதில்லை. கடைக்கு ஒரு கிழங்கைக் கொண்டுபோய் அளவெடுத்தேன். உயரம், இடுப்புச் சுற்று. தோள் கிடையாது, அந்த மட்டும் நிம்மதி.

கடையில் துணி தேய்க்கிற இஸ்திரிக்காரர் என்னையே பார்த்தார். "அண்ணே, டைட்டா வேணுமாமா, இல்ல மூச்சு விட இடம் விடணுமா?"

நக்கல்தான். ஆனாலும் கேள்வி நியாயமானது. இரண்டு விரல் தளர்வு விட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

ட்ரையல் பார்க்கலாம் என்று தேடினால் கிழங்கைக் காணோம். இஸ்திரிக்காரர் அவித்துத் தின்றிருக்கிறார். "அளவுதான் எடுத்தாச்சே, அப்புறம் ஆள் எதுக்கு?" என்கிறார். வேறொன்று வாங்கினேன். அதற்குத் தொப்பை. எல்லாம் முதலிலிருந்து.

மார்ச் 13, வியாழன்

கொடுத்துவிட்டேன்! ஒரு வாரம் தள்ளித்தான், ஆனாலும் வியாழன் வியாழன்தானே. விறைப்பான மூடி, உள்ளே லைனிங், ஓரத்தில் ஒரு பாக்கெட். உருளைக்கிழங்கு பாக்கெட்டில் எதை வைத்துக்கொள்ளும் என்று கேட்டாள்.

மைக்ரோவேவில் வைத்தோம். கருகல் வாடை. மூடி விறைப்பாக நிற்கட்டுமே என்று கோட்டுக் காலருக்கு வைக்கிற பசை கேன்வாஸை உள்ளே கொடுத்திருந்தேன். காலர் என்றில்லை, எதைத் தைத்தாலும் கை அதைத்தான் தேடுகிறது. சூடு பட்டால் உருகி ஒட்டிக்கொள்வதற்காகவே செய்த சாமான் அது. ஒட்டிக்கொண்டது. துணியோடும், கிழங்கோடும். கத்தரியால் வெட்டித்தான் எடுத்தோம்.

"துணி, பஞ்சு, நூலு — எல்லாம் பருத்தியா இருக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

சொன்னாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

"ஊருக்கெல்லாம் தைக்கிறீங்க. எனக்குன்னு ஒண்ணு, ஒழுங்கா, சொன்ன நாள்ல... விடுங்க. இருபத்தெட்டாம் தேதி அக்கா வீட்டுக்குப் போறேன். வர்றத அப்புறம் பாத்துக்கலாம்."

சும்மா சொல்கிறாளா? அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கி வைத்திருக்கிறாள். சும்மா இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

வெறும் பருத்தியிலேயே ஒன்று தைத்தேன். அருமையாக வந்தது. கடை மேஜையில் வைத்திருந்தேன். வக்கீல் வந்தார், கோட்டை மறந்தார், "இது எனக்கு" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாதக்கணக்கில் அலைய வைத்த ஆளிடம் முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

மார்ச் 20, வியாழன்

பல் டாக்டருக்கு இரண்டு. வக்கீலின் மாமியாருக்கு மூன்று, பூப்போட்ட துணியில். இஸ்திரிக்காரருக்கு ஒன்று, பிடிவாதமாகப் பாக்கெட்டோடு. தெருவே உருளைக்கிழங்கு தின்கிறது.

என் வீட்டைத் தவிர. இது எப்படி நடக்கிறது? நானெல்லாம் என்ன மனுஷன்?

மார்ச் 24, திங்கள்

அவள் கடைக்கு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கடைப்படி ஏறாதவள், வரிசையில் பல் டாக்டருக்குப் பின்னால் நின்றாள். முறை வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அளவு எடுத்துக்குங்க சார்."

சார்! இஸ்திரிக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்துவிட்டார். யாருடைய பேண்டோ போச்சு. நான் டேப்பை எடுத்தேன்.

"எப்போ கிடைக்கும்?"

வியாழன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன். "புதன்" என்றேன்.

அவள் போனதும் கண்ணில் நூல் தூசி — இல்லை, பொய் எதற்கு, அழுதேன். இவள் போய்விட்டால் அந்த வீட்டில் யாரிடம் போய் வியாழன் என்று சொல்வேன்?

மார்ச் 25, செவ்வாய்

பகலிலேயே கடையைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். வக்கீல் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. கேன்வாஸ் டப்பாவை இஸ்திரிக்காரர் மடியில் கொடுத்து, நான் கேட்டாலும் தரக்கூடாது என்று சொல்லிவைத்தேன். கேட்டேன். தரவில்லை. நல்ல மனுஷன்.

சாயங்காலம் பையை மருந்துக்கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.

"புதன்னுதானே சொன்னீங்க?"

"முடிஞ்சிடுச்சு."

எட்டி என் நெற்றியில் புறங்கையை வைத்தாள். நம்பவில்லை. இருமல் மருந்து வாங்க நின்றவர்கள் முன்னால் என் வாயைத் திறக்கச் சொல்லி தெர்மாமீட்டரை வைத்தாள். காய்ச்சல் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். பெட்டி மறுபடி அலமாரி மேல் ஏறியிருந்தது.

ஒரு கிழங்குக்கு அளவெடுத்துத் தைத்த பையில் இரண்டைத் திணித்திருந்தாள். வெந்தது. மூடிதான் சரியாக மூடவில்லை.

"இடுப்புல பிடிக்குது. கொஞ்சம் லூஸ் பண்ணித் தரணும்" என்றாள்.

"எப்போ வேணும்?"

"ஒண்ணும் அவசரமில்ல. வியாழக்கிழமை குடுங்க."