அண்ணன் தலைக்குள் உன் குரல்

எருமப்பட்டி
மாசி 28, 1986

அன்புள்ள மகன் வேலுமணிக்கு அம்மா சௌந்திரம் எழுதுவது. செங்கோட்டு வேலவன் புண்ணியத்தில் இங்கே நான், உங்கப்பா, உன் அண்ணன் செங்கோடன் மூவரும் சுகம். ராஜஸ்தான் வெயிலில் குழாய்க் கிணறு போடுகிற ரிக்கு வண்டியோடு அலைகிற உன்னிடமிருந்து இரண்டு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். மரவள்ளி பிடுங்கியாயிற்று, செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. ஊரானுக்கெல்லாம் போர் போடுகிறவன் நம் காட்டுக்கு எப்போது வருவான் என்று உங்கப்பா கேட்கச் சொன்னார்.

போன வாரம் செங்கோடனுக்கு மாத்திரை வாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மரியபுஷ்பம் என்று புதிதாக ஒரு டாக்டரம்மா, சேலத்துப் பெண். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் இந்த மனச்சிதைவு வந்திருக்கிறது என்றதும் எங்களை உட்காரவைத்து எல்லாம் கேட்டாள். எந்தக் கையால் எழுதுவான் என்றாள், இவனுக்கு ஒரட்டாங்கை, தம்பிக்குச் சோத்தாங்கைங்க என்றேன். பிறகு அவன் தலையில் ஹெட்போனை மாட்டி டேப்பைப் போட்டாள். ஒரே நேரத்தில் வலது காதில் ‘பால்’ என்றும் இடது காதில் ‘கால்’ என்றும் சொல்லுமாம், அவன் கேட்டதைச் சொல்ல வேண்டும். வீட்டில், சாமி, சோறு போடட்டுமா என்று நான் தொண்டை வற்றக் கேட்டாலும் சுவரைப் பார்க்கிறவன், அவளுக்குப் பால், கல், மரம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. யாரோ ஒருத்தி, மெஷினை வைத்து அவன் வாயைத் திறந்துவிட்டாளே என்று.

அவள் நல்லவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். ஏனுங்கம்மா, பேச்சுக்குப் பெரும்பாலும் மூளையில இடப்பக்கந்தான் ஊடு, வலக்காதுல விழுகறது அங்க வெரசாப் போயிரும், அதனால முக்காவாசிப் பேரு வலக்காதுச் சொல்லத்தான் அதிகமாச் சொல்லுவாங்க, உங்க பையன் ரெண்டு காதையும் சரிசமமாச் சொல்றாருங்க என்றாள். இது ஒரட்டாங்கையினாலா வியாதியினாலா என்று இவனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதாம், கூடப் பிறந்த உன்னையும் சோதித்தால் கொஞ்சம் விளங்குமாம். அப்படிப் பார்த்தால் குணமாகிவிடுமா என்று உங்கப்பா கேட்டார். இது வைத்தியமில்லீங்க, தெரிஞ்சுக்கத்தானுங்க, கட்டாயமுமில்லீங்க என்று மறைக்காமல் சொன்னாள்.

அப்புறம்தான் அவனிடம் கேட்டாள், குரல் கேக்குதுங்களா, யாரோடதுங்க என்று. தம்பியோடது என்றான். எந்தக் காதுல என்றதற்கு, காதைத் தொடவில்லை, நடு மண்டையில் கை வைத்தான். இத்தனை வருஷமாக அவன் முணுமுணுத்ததும் சிரித்ததும் உன்னோடுதானாம். ஏதோ காத்துக் கருப்பு என்றிருந்தேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், உன் மேல் பொறாமையாக இருக்கிறது வேலுமணி. குளிப்பாட்டுவது நான், மாத்திரை விழுங்கவைப்பது நான், தெருவில் கல்லெறிகிற பிள்ளைகளை விரட்டுவது நான். நீ எங்கேயோ மணல்காட்டில் கிடக்கிறாய், பேச்செல்லாம் உனக்கு. சின்னதிலும் அப்படித்தான். தண்ணீருக்கு ‘பூமா’ என்று உங்களுக்குள் ஒரு பாஷை வைத்துக்கொண்டு என்னை வெளியே நிறுத்தினீர்கள். பெற்றவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது.

உன் பெரியம்மா குப்பாயி, ரெண்டு பேரு தலையையும் சோதிச்சாங்கன்னு தெரிஞ்சா பனமரத்துப்பட்டிக்காரங்க வேலுமணிக்கு வசந்தாமணியக் கட்டிக் குடுப்பாங்களாக்கும், இதையெல்லாம் அவனுக்கு எழுதாதே என்கிறாள். அதுதான் சாக்கு என்று நானும் எழுதாமல்தான் இருந்தேன். நீ வந்தால் அவன் உன் தோளிலேயே சாய்ந்துகொள்வான், நான் தட்டு வைத்து எடுக்கிறவளாக நிற்பேன் என்பதுதான் உள்ளே இருந்தது. உங்கப்பா கண்டுபிடித்துவிட்டார். அவனுக்கும் தெரியோணுமில்ல, எழுது என்றார். உனக்கும் வந்துவிடுமோ என்று பயந்துதான் பொங்கலுக்கு வராமல் இருந்தாயோ? தம்பிக்கும் வருமா என்று அதையும் கேட்டேன். ஒரே அச்சு ரெட்டையா இருந்தாலும் ரெண்டாவது ஆளுக்கு வந்தே தீரும்னு இல்லீங்க என்றாள் டாக்டரம்மா. வா. சோதனைக்கு உட்காருவதும் உட்காராததும் உன் இஷ்டம், அண்ணனை வந்து பார். பெண் வீட்டாரிடம் நானே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் ஜன்னலோரம், நான் பக்கத்தில். வாய் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டு வந்தான். எனக்குக் கண் சொக்கி அவன் தோளில் சாய்ந்துவிட்டேன் போலிருக்கிறது. நாமக்கல் தாண்டி விழிப்புத் தட்டியபோது சத்தமே இல்லை. ஏஞ்சாமி, தம்பி பேசலையா என்று கேட்டேன். இதுவரைக்கும் நான் அப்படி ஒன்று கேட்டதில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். அம்மா தூங்குதுடா, செத்த நேரம் பேசாம இருன்னு சொல்லிப்போட்டேன் என்றான். எருமப்பட்டியில் இறங்குகிறவரை நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தேன். அதையும் உன்னிடம்தான் சொல்லியிருக்கிறான் பார், என்னிடம் இல்லை.

வெயிலில் தலையில் துண்டைக் கட்டிக்கொள். வெயிலிலிருந்து வந்த சூட்டோடு தண்ணீர் குடிக்காதே. கிளம்புமுன் ஒரு கார்டு போடு, அண்ணனிடம் நான் முதலில் சொல்ல வேண்டும். நோய்நொடி அண்டாமல் நீ நூறு வயசு இருக்க வேலவன் காவல்.

இப்படிக்கு
உன் அம்மா
சௌந்திரம்